போலந்தின் சுண்ணாம்பு மேட்டுநிலக் கோட்டைகள்: மூன்று நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி இதுதான். கிராக்கோவில் படிக்கிறீர்கள். செப்டம்பரில் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். மூன்று நாள் ஒதுக்கி, கிராக்கோவுக்கும் சென்ஸ்டொஹோவாவுக்கும் இடையே இருக்கும் இடிந்த கோட்டைகளைக் காட்ட வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. எந்தக் கோட்டைக்குப் போவது, எப்படிப் போவது, போனால் என்ன பார்ப்பது?

முதலில் சுருக்கமான பதில். முதல் நாள் ஓய்ட்சூஃப் பள்ளத்தாக்கும் பியெஸ்கோவா ஸ்காவாவும். இரண்டாம் நாள் முழுக்க ஒக்ரொஜெனியெட்ஸ். மூன்றாம் நாள் காலையில் மீரூஃப், பொபொலீட்சே, சாயங்காலம் ஓல்ஷ்டின். இவ்வளவு போதும். பாதை நெடுக இருக்கிற எல்லாக் கோட்டைகளையும் மூன்று நாளில் தொட்டுவிட்டு வர நினைத்தால் கார் நிறுத்துமிடங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இனி விவரம். இந்தப் பகுதியில் கோட்டையை மட்டும் தனியாகப் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. அது எந்தப் பாறைமேல் நிற்கிறதோ அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் பாறையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏறத்தாழ 15 முதல் 16 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், இந்த இடம் ஒரு வெதுவெதுப்பான கடலின் அடித்தளம். கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் அங்கே மேடுமேடாகத் திட்டுகள் கட்டின. அந்தத் திட்டுகள் இறுகிக் கெட்டியான சுண்ணாம்புப் பாறை ஆயின. அவற்றைச் சுற்றிப் படிந்த சுண்ணாம்புச் சேறு, ஏடு ஏடாக அடுக்கிய மெல்லிய கல்லாக ஆனது. பின்னர் நிலம் மேலெழுந்து கடல் விலகியபோது, மழைநீர் மெல்லிய கல்லைச் சீக்கிரம் அரித்துவிட்டது. கெட்டியான திட்டுகள் தப்பி நின்றன. இன்று புல்வெளிக்கு நடுவே வெள்ளை வெளேரென்று தூண் போலவும் சுவர் போலவும் எழுந்து நிற்பவை அவைதான். மேட்டுநிலத்தின் உயரம் பொதுவாக 300 முதல் 500 மீட்டர். மிக உயர்ந்த இடம் ஒக்ரொஜெனியெட்ஸ் கோட்டை நிற்கும் குன்று, சுமார் 515 மீட்டர். மலை என்று சொல்லும் உயரமில்லை. ஆனால் சுற்றிலும் நிலம் தாழ்வாக இருப்பதால் அதன் உச்சியில் நின்றால் நாலாபக்கமும் வெகுதூரம் தெரியும். காவலுக்கு வேண்டியது அதுதானே.

அப்புறம் அரசியல். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே இருந்த சைலீசியாவின் குறுநிலக் கோமகன்கள் ஒவ்வொருவராகப் பொஹீமிய (இன்றைய செக் நாட்டு) மன்னரின் பக்கம் போய்விட்டார்கள். அன்று போலந்தின் தலைநகராக இருந்த கிராக்கோவுக்கு மிக அருகிலேயே எல்லை வந்துவிட்டது. 1333-இல் அரியணை ஏறிய மூன்றாம் காசிமிர் சைலீசியாவை மீட்க முடியாது என்று புரிந்துகொண்டு, இருக்கிற எல்லையைப் பலப்படுத்தினார். ஏற்கெனவே மரவேலியும் மண்மேடுமாக இருந்த சில காவலிடங்களைக் கல்லால் எடுத்துக் கட்டினார். சில இடங்களில் புதிதாகக் கட்டினார். பிரபுக் குடும்பங்கள் தாங்களே கட்டிக்கொண்டவையும் உண்டு. 1370-இல் அவர் இறக்கும்போது, கிராக்கோவிலிருந்து வடமேற்காக, பாறைக்குப் பாறை தாவி, ஒரு கோட்டை வரிசை உருவாகியிருந்தது. பாறை உச்சிகளில் உட்கார்ந்திருப்பதால் கழுகுக் கூடுகள் என்று பெயர். இன்று அவற்றை இணைக்கும் நடைபாதை சுமார் 164 கிலோமீட்டர். மரங்களிலும் கற்களிலும் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். முழுதாக நடப்பவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது முதல் நாள். ஓய்ட்சூஃப் கிராக்கோவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். போலந்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா இது: 21 சதுர கிலோமீட்டர்தான், 1956-இல் அறிவிக்கப்பட்டது. பிராட்னிக் என்ற ஓடை சுண்ணாம்பு மேட்டை அறுத்துக்கொண்டு போன பள்ளத்தாக்கு. அப்பாவுக்கு இது நல்ல தொடக்கம். பள்ளத்தாக்கின் அடியில் பாதை சமதளமாக இருக்கிறது. ஓய்ட்சூஃப் கோட்டையில் இன்று மிச்சமிருப்பது நுழைவாயில் கோபுரமும் ஒரு காவல் கோபுரத்தின் அடிப்பகுதியும் கொஞ்சம் மதிலும்தான். அதிக நேரம் பிடிக்காது.

அருகே லோக்கியெத்தெக் குகை இருக்கிறது. காசிமிரின் தந்தை லோக்கியெத்தெக், பொஹீமிய மன்னன் இரண்டாம் வென்செஸ்லாஸின் படைக்குத் தப்பி இங்கே ஒளிந்திருந்தார் என்றும், குகை வாயில் சிலந்தி வலை பின்னியதால் தேடி வந்தவர்கள் உள்ளே யாரும் இல்லையென்று திரும்பிவிட்டார்கள் என்றும் கதை. இன்றும் குகை வாசலில் போட்டிருக்கும் இரும்புக் கதவு சிலந்தி வலை வடிவில்தான் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே ஆண்டு முழுவதும் ஏழெட்டு டிகிரி குளிர், அதனால் ஸ்வெட்டர் வேண்டும். பள்ளத்தாக்கிலிருந்து குகைக்கு ஏறுவது செங்குத்து. மேலே சாயொவீட்சே ஊர்ப் பக்கம் காரை நிறுத்திவிட்டு வந்தால் ஏற்றம் குறைவு. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் குகையை விட்டுவிடலாம், பெரிய இழப்பில்லை.

அதே பள்ளத்தாக்கில் வடக்கே போனால் பியெஸ்கோவா ஸ்காவா. இது இடிபாடு இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பாணியில் மாற்றிக் கட்டப்பட்டு, இன்று கிராக்கோவின் வாவெல் அரண்மனை அருங்காட்சியகத்தின் கிளையாக முழு உருவில் நிற்கிறது. இடிந்த கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதை ஏன் சொல்கிறேன் என்றால், மற்ற கோட்டைகள் இடியாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கண்ணுக்குக் கிடைக்கும் ஒரே இடம் இது. நடுமுற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்கில் வளைவுத் தாழ்வாரங்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மறுநாள் ஒக்ரொஜெனியெட்ஸ் போனால், வெறும் சுவரில் தெரியும் ஓட்டைகள் எதற்காக என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். கோட்டைக்கு எதிரே, ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில், அடி சிறுத்துத் தலை பெருத்து ஒரு ஒற்றைப் பாறை நிற்கிறது. ஹெர்குலிஸின் கதாயுதம் என்கிறார்கள். கெட்டியான திட்டு தப்பி நின்றது என்றேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாம் நாளை முழுக்க ஒக்ரொஜெனியெட்ஸுக்குக் கொடுங்கள். ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன்: ஒக்ரொஜெனியெட்ஸ் என்பது ஒரு சிற்றூரின் பெயர். கோட்டை அங்கே இல்லை. அதிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் கிழக்கே பொட்ஸாம்ச்சே கிராமத்தில் இருக்கிறது. வரைபடத்தில் பொட்ஸாம்ச்சே என்று தேடுங்கள். இந்தப் பெயரில் போலந்தில் வேறு கிராமங்களும் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

இது காசிமிர் காலத்துக் கோட்டை. பின்னால் தனியார் கைக்கு வந்தது. 1523-இல் போனர் என்ற கிராக்கோ வணிகக் குடும்பம் வாங்கியது. அரசருக்கே கடன் கொடுத்த வங்கிக்காரர்கள். செவெரின் போனர் 1530 முதல் 1545 வரை இதை இடித்துக் கட்டி, வாவெலுக்கு இணையான ஒரு மாளிகையாக ஆக்கினார். 1655-இல் ஸ்வீடன் படை வந்தது, தங்கியது, எரித்தது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வார்ஷீட்ஸ்கி என்ற பிரபு ஓரளவு பழுதுபார்த்தார். 1702-இல் ஸ்வீடன்காரர்கள் மறுபடி வந்து மறுபடி தீ வைத்தார்கள். அதற்குப் பிறகு எழவே இல்லை. 1810-ஐ ஒட்டிக் கடைசியாகக் குடியிருந்தவர்களும் வெளியேறினார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அது ஒரு கல் கிடங்கு. பொட்ஸாம்ச்சே வீடுகளின் அடித்தளங்களில் கோட்டைக் கல் இருக்கிறது. ஊருக்குள் ஒரு சிறு வழிபாட்டுக் கூடத்தில் கோட்டையின் செதுக்கு வேலைப்பாடுகளையே எடுத்துப் பதித்திருக்கிறார்கள், அதைத் தேடிப் பாருங்கள். 1949 முதல் 1973 வரை நடந்த பாதுகாப்பு வேலையில் சுவர்களை உறுதிப்படுத்தி, இடிபாடாகவே நிலைநிறுத்தினார்கள். கூரை போட்டு மூடவில்லை. சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

உள்ளே போனதும் உயரத்துக்கு ஏறி ஓடாதீர்கள். முன்முற்றத்தில் நின்று, சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கட்டியவர்கள் மூன்று பக்கம் பாறையை அப்படியே மதிலாக வைத்துக்கொண்டு, இடைவெளிகளை மட்டும் அடைத்திருக்கிறார்கள். பாறையின் பொந்துகளில் உடைகல்லைத் திணித்து, சாந்து பூசி, மேலே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கல்லும் இந்தக் குன்றினுடையது. சாந்துக்கு வேண்டிய சுண்ணாம்பும் இதே கல்லைச் சுட்டு நீற்றியது. அதனால் நிறம் ஒன்றாகிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்: பாறையில் மழை அரித்த வழவழப்பான குழிகளும் ஓடைகளும் இருக்கும், சுவரில் உளி உடைத்த கூர்முனைகளும், இடையில் மணல் கலந்த சாந்துக் கோடும் இருக்கும். சில இடங்களில் அந்தச் சாந்துக் கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே பாறையிலிருந்து சுவருக்குப் போகலாம். ஜன்னல் சட்டங்கள், வாசல் நிலைகள் இருந்த இடத்தில் சதுரமாக வெறும் பள்ளம் தெரிந்தால், அங்கே செதுக்கிய நல்ல கல் இருந்தது, பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றும் கவனியுங்கள்: தண்ணீர். சுண்ணாம்புப் பாறையில் நீர் நிற்காது. வெடிப்புகள் வழியே கீழே இறங்கி, வெகு தொலைவில், பள்ளத்தில் ஊற்றாக வெளியே வரும். மேட்டில் ஆறு அபூர்வம். எதிரி ஏற முடியாத அதே பாறையில் குடிக்கத் தண்ணீரும் ஏறாது. ஆகவே ஒவ்வொரு கோட்டையிலும் கூரையில் விழும் மழையைச் சேர்க்கத் தொட்டி கட்ட வேண்டும், அல்லது பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்ட வேண்டும். எந்தக் கோட்டைக்குப் போனாலும் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முற்றுகை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது அந்த விடையிலிருந்தே தெரிந்துவிடும்.

ஒக்ரொஜெனியெட்ஸில் ஏறி இறங்க இரும்புப் படிகள் நிறைய. அம்மாவும் நீங்களும் மேலே போங்கள். அப்பா கோட்டையை வெளியே சுற்றி வரும் பாதையில் போகலாம். அது பெரும்பாலும் சமதளம், முகப்பை முழுதாகப் பார்க்கவும் அங்கிருந்துதான் வசதி. சனி, ஞாயிறு தவிருங்கள். கோட்டையைச் சுற்றிக் கடைகளும் குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடல்களும் வந்துவிட்டன. விடுமுறை நாளில் சத்தம் தாங்காது. வாரநாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

வழியில் நேரம் மிச்சமிருந்தால், ஓல்குஷ் ஊருக்குப் பக்கத்தில் ராப்ஷ்டின் கோட்டையும் ப்வென்டோவ் மணல்வெளியும் இருக்கின்றன. போலந்தில் பாலைவனமா என்று அப்பா கேட்பார். பனியுகத்து நீரோட்டங்கள் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. ஓல்குஷ் பகுதியில் வெள்ளியும் ஈயமும் எடுத்த சுரங்கங்களுக்காக இடைக்காலத்தில் காட்டை வெட்டியதும், நிலத்தடி நீர் இறங்கியதும், மணல் மேலே வந்துவிட்டது. முப்பது சதுர கிலோமீட்டருக்கு மேல்.

மூன்றாம் நாள்தான் எனக்கு மிகப் பிடித்தது. மீரூஃபும் பொபொலீட்சேயும் ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே சுண்ணாம்பு முகட்டின் இரு முனைகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும். தயவுசெய்து இந்த ஒன்றரைக் கிலோமீட்டரைக் காரில் போகாதீர்கள். நடங்கள். பெரிய ஏற்றமில்லை, அப்பாவாலும் மெதுவாக வர முடியும். பாதைக்குப் பக்கத்திலேயே பாறைகள் வரிசையாக வரும். அவற்றில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருப்பவர்களையும் பார்ப்பீர்கள். பாறை ஏற்றம் பழகுகிறவர்களுக்கு இந்த மேட்டுநிலம் போலந்திலேயே முக்கியமான இடம்.

இந்தப் புல்வெளி தானாக இப்படி இருப்பதில்லை. முன்பு ஆடுமாடு மேய்ந்ததால் குன்றுகள் மொட்டையாக இருந்தன, பாறைகள் வெளியே தெரிந்தன. மேய்ச்சல் குறைந்ததும் பைனும் புதரும் மண்டி, பல பாறைகள் காட்டுக்குள் மறைந்துவிட்டன; வெயிலும் வறண்ட மண்ணும் வேண்டிய அபூர்வச் செடிகளும் அவற்றோடு மறைந்தன. இப்போது சில இடங்களில் மரத்தை வெட்டி மறுபடி செம்மறிகளை மேய விடுகிறார்கள். நீங்கள் போகும்போது மந்தை எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுங்கள். நீங்கள் ரசித்துப் படமெடுக்கும் காட்சியைக் காத்துக் கொடுப்பது அந்த ஆடுகள்தான்.

மீரூஃப் குறுகலாக, உயரமாக, பாறையின்மேல் இன்னொரு பாறை வளர்ந்தது போல நிற்கிறது. முதலில் சிறு காவலிடமாகத் தொடங்கி, பின்னர் உயரம் கூட்டியது. பொபொலீட்சே வேறு கதை. 1683-இல் வியன்னாவைக் காக்கப் படையோடு போன மன்னர் சோபியெஸ்கி இங்கே தங்கியபோது, கோட்டை ஏற்கெனவே படுக்க முடியாத நிலையில் இருந்ததால் கூடாரத்தில் தங்கினார் என்று சொல்வார்கள். 1990-களில் சில சுவர்த் துண்டுகளே மிச்சம். உரிமையாளர் குடும்பம் அதை முழுதாக எடுத்துக் கட்டி, 2011-இல் திறந்தது. ஓடு வேய்ந்த கூரை, வெள்ளைக் கல் மதில், தூக்குப்பாலம் எல்லாம் இருக்கின்றன. படத்துக்கு அழகு. ஆனால் பழைய கோட்டையின் மேல்தளங்கள் எப்படி இருந்தன என்பதற்குப் போதிய சான்று இல்லாமலே கட்டினார்கள் என்று தொல்லியல் பக்கத்திலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. நானும் அந்தப் பக்கம்தான். இடிந்த சுவர் குறைவாகச் சொன்னாலும் உண்மையைச் சொல்கிறது. ஊகித்துக் கட்டியது, அடியில் இருந்த உண்மையையும் மூடிவிடுகிறது. அதே சமயம், விட்டிருந்தால் அந்தத் துண்டுச் சுவர்களும் விழுந்திருக்கும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் நடையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு அம்மா அப்பாவிடம் எது பிடித்தது என்று கேளுங்கள். நல்ல விவாதம் நடக்கும்.

பொபொலீட்சேயிலிருந்து வடக்கே காரில் ஓல்ஷ்டின். இது சென்ஸ்டொஹோவாவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ள சிறிய ஊர். வட போலந்தில் இதே பெயரில் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் செயலியில் பெயரை மட்டும் அடித்தால் அங்கேதான் கொண்டுபோய் விடும், பல நூறு கிலோமீட்டர் தள்ளி.

ஓல்ஷ்டினில் கோட்டையின் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சியதில் கண்ணை இழுப்பது சுமார் 35 மீட்டர் உயர வட்டக் கோபுரம். அடிப்பகுதி வெள்ளைச் சுண்ணாம்புக் கல், உச்சி சிவப்புச் செங்கல். பிற்காலத்தில் உயரம் கூட்டிய கோடு தூரத்திலிருந்தே தெரிகிறது. பழைய வாசல் தரையில் இல்லை, உயரத்தில் இருந்தது. கீழ்ப்பகுதி சிறை. காசிமிருக்கு எதிராகப் பிரபுக்களைத் திரட்டிய பொஸ்னான் ஆளுநர் மாச்கோ போர்கோவிட்ஸை இங்கே அடைத்து, பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். நல்ல அரசர் என்று போலந்து கொண்டாடும் காசிமிரின் ஆட்சியில் இதுவும் நடந்தது என்பதைக் கோபுரத்தடியில் நிற்கும்போது மறக்க முடியாது. 1587-இல் போலந்து அரியணைக்கு உரிமை கோரிய ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனின் படை இதை முற்றுகையிட்டது. கோட்டைத் தலைவர் கார்லின்ஸ்கி விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய கைக்குழந்தையை முன்னால் பிடித்துக்கொண்டு எதிரி முன்னேறினான், அப்போதும் அவர் பீரங்கியைச் சுட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். கடைசியில் இதையும் ஸ்வீடன் படைதான் முடித்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஊர் தேவாலயம் கட்டக் கோட்டைக் கல்லை எடுத்தார்கள்.

கோட்டைகள் அழிந்ததற்கு ஸ்வீடனை மட்டும் காரணம் சொல்வது வழக்கம். அது முழு விடை ஆகாது. பீரங்கி வந்த பிறகு உயரமான மெல்லிய மதிலுக்கு மதிப்பில்லை. 1443-இல் பக்கத்துச் செவியெஷ் சிற்றரசைக் கிராக்கோ பிஷப் விலைக்கே வாங்கியதும் எல்லைப் பதற்றமும் தணிந்தது. பிரபுக்களோ தண்ணீரில்லாத குன்றைவிடச் சமவெளியில் தோட்டத்தோடு ஒரு மாளிகையை விரும்பினார்கள். எரிந்ததைப் பழுதுபார்க்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. பணம் இருந்தவர்களும் கட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இனி நடைமுறை. கார் வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது. ரயில் என்றால் ஸாவியெர்ச்சேயில் இறங்கி ஒக்ரொஜெனியெட்ஸுக்குப் பேருந்து பிடிக்கலாம், ஆனால் மீரூஃப் பக்கம் பேருந்து மிகக் குறைவு. இரண்டாம் இரவு ஸாவியெர்ச்சே அல்லது பொட்ஸாம்ச்சேயில் தங்கினால் கிராக்கோவுக்குத் திரும்பும் அலைச்சல் மிச்சம். செப்டம்பர் நல்ல மாதம். குளிர்காலத்தில் சில கோட்டைகளை மூடிவிடுவார்கள், ஆகவே திறக்கும் நேரத்தை முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு, அம்மா அப்பா சைவம் என்றால் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி (கொழுக்கட்டை மாதிரி) எங்கும் கிடைக்கும். மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவித் தருவது வழக்கம். ஆர்டர் கொடுக்கும்போதே "பெஸ் ஸ்க்வாரெக்", அதாவது வறுவல் வேண்டாம், என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பல காலடிகள் பட்டு மெருகேறிய சுண்ணாம்புப் பாறை, மழை பெய்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரைதான். மழை நாளில் அப்பாவை எந்தக் கோட்டையின் உள்பாதையிலும் ஏற்றாதீர்கள். அன்றைக்குப் பியெஸ்கோவா ஸ்காவாவை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பெரும்பாலும் கூரைக்குக் கீழே நடக்கலாம். இன்னொன்று உண்ணி. மீரூஃப் புல்வெளியில் இது உண்மையான ஆபத்து, லைம் நோய் இதனால்தான் பரவுகிறது. முழுக் கால்சட்டையும் காலுறையும் போடுங்கள், அம்மா புடவை கட்டினால் அன்றைக்கு மட்டும் சல்வார் சொல்லுங்கள். இரவு அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்பக்கம் பாருங்கள். கடித்திருந்தால் நசுக்காமல், தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மருந்துக்கடையில் அதற்கென்றே சின்ன இடுக்கி விற்கிறது. கிளம்பும் முன் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் அடுத்த சில வாரங்களில் சிவப்பு வட்டம் பரவினால் உடனே டாக்டரைப் பாருங்கள். அதற்குள் அம்மா அப்பா ஊருக்குத் திரும்பியிருப்பார்கள் என்பதால் அவர்களிடமும் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.